கயிற்றில் கட்டிய ஏணி

புத்தூர் பஸ் ஷெட்டில் ஏகாம்பரம் கை வைத்த வேலை இரண்டாம் தடவை திரும்பி வராது. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் அவரே இதைச் சொல்லிக்கொள்வார்; ஃபிட்டர் ஏகாம்பரத்திடம் இருந்த பெரிய கெட்ட குணம் அது ஒன்றுதான். பஸ்ஸின் பின்பக்கம், டாப்புக்கு ஏறுகிற இரும்பு ஏணியை முடுக்கினால், முதலில் தானே ஏறி இறங்கிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் லோடுமேன் கன்னையா ஏற வேண்டும்.

கன்னையா வேறு யாருமல்ல, அவர் மனைவி அம்சவேணியின் தம்பி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பஸ்ஸில் வேலை வாங்கிக் கொடுத்தவர் இவர். இருபத்திரண்டு வயதில் அவனுக்கு உடம்பெல்லாம் பலம், மனசெல்லாம் விளையாட்டு. தலையில் ஒரு மூட்டை, ஏணியில் ஒரு கை, அவ்வளவுதான், மேலே போய்விடுவான். "எம்மா உயரம், பயமா கீதுய்யா" என்று அம்சவேணி புலம்பும்போதெல்லாம், "நான் பாத்துக்கினுதான் கீறேன், நீ பேசாம இரு" என்று அடக்கிவிடுவார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்துப் புரட்டாசி அது. திருத்தணி மெட்ராஸோடு போய்விடும், புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. எல்லை மாறினால் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் ஓடுகிற தன் பஸ்ஸின் பர்மிட் என்னாகுமோ என்று முதலாளி நாயுடுவுக்குக் கவலை. ஓடுகிற வரைக்கும் ஓட்டிவிட வேண்டும் என்று பஸ்ஸை ஒரு நாள்கூட நிறுத்தாமல் விரட்டினார். திருப்பதி மலையில் பிரம்மோற்சவம் வேறு, கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்.

ஆயுத பூஜையன்று மதியம் பஸ் பூஜைக்காக ஷெட்டுக்கு வந்தது. ஏகாம்பரம் பழக்கதோஷத்தில் ஏணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கழன்று வருவதுபோல் ஆடியது. மேல் பக்கத்து போல்ட் இரண்டும் பிடிப்பில்லாமல் தொங்கின. உள்ளே இருந்த மரச்சட்டம் மழைத் தண்ணீரில் ஊறி உளுத்துப்போயிருந்தது. பின்னால் ஒரு தகடு கொடுத்து, நீளமான போல்ட் போட்டு முடுக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை.

ஆனால் ஸ்பேனர், சுத்தி, துளைக்கருவி எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து சாமி முன்னால் வாழை இலையில் இருந்தன. மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை அவற்றைத் தொடக்கூடாது. நாயுடுவுக்கே பொறுக்கவில்லை. "ஏமய்யா ஏகாம்பரம், எடுத்து ரெண்டு சுத்து சுத்து. சாமி இன்னா கோச்சிக்கவா போவுது?" என்றார்.

"அது நடக்காது மொதலாளி. வருசம் முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் சோறு போடுற சாமான். ஒரு நாளு ஒக்காந்து இருக்கட்டும்." பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு இறங்கி வருகிற ஆளா அவர்? கிணற்றுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, ஏணியின் மேல்படியையும் டாப்புக் கம்பியையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். ஏறிப் பார்க்கவில்லை. ஏறினால் கழன்று வரும் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் ஏறவில்லை.

பூசணிக்காய் உடைத்தாயிற்று. பஸ் கிளம்புகிற நேரம் கன்னையா வந்து கேட்டான். "மாமா, ஏறலாமா?"

வேண்டாம் என்றால் நாயுடு சிரிப்பார். ஷெட்டே சிரிக்கும். "ஏறு, ஏறு. கயிறு தாங்கும். காலைல முடுக்கித் தரேன்" என்றார்.

ரேணிகுண்டாவில் ரயில் கூட்டம் ஏறியது. ஒரு குடும்பத்தின் டிரங்குப் பெட்டியோடு கன்னையா மேல்படிக்குப் போனபோது கயிறு நழுவி, ஏணி பஸ்ஸைவிட்டுப் பிரிந்தது. அவன் மல்லாக்க விழுந்தான். பெட்டி அவன் மேல் விழுந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மறுநாள் போலீஸ் ஏட்டு வந்து கேட்டார், கயிறு கட்டியது யார் என்று. ஏகாம்பரம் கட்டில் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறப்பதற்குள் கன்னையா முந்திக்கொண்டான்.

"நான்தான் சார் கட்டுனேன். மாமா ஏறாதன்னு சொன்னாரு. நான்தான் கேக்கல."

ஏட்டு அதைத் தெலுங்கில் எழுதிப் படித்துக் காட்டினார். கன்னையாவின் விரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கினார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், ஜெயிலும் கிடைக்கலாம், வீட்டில் இரண்டு பெண்குழந்தைகள். இதெல்லாம் அப்புறம் அவர் தனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் அவரிடம் இருந்தது வெறும் பயம். ஏட்டு போனதும் கன்னையா, "அக்காவுக்குத் தெரிய வேணாம் மாமா" என்றான். ஒன்பதாம் நாள் இறந்துபோனான்.

கேஸ் வந்தால் பர்மிட் போய்விடும் என்று நாயுடுவும் ஷெட் ஆட்களும் கன்னையா சொன்னதையே சொல்லிவைத்தார்கள்; அம்சவேணி காதுக்கும் அதுதான் போனது. காரியம் முடிந்து உறவு ஜனம் கலைந்தது. அம்சவேணி பதினாறு நாளாக அழுத அழுகையில் குரலே போயிருந்தது. இலை போட்டுச் சோறு வைத்தாள். ஏகாம்பரம் கையை நனைக்காமல் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தார்.

"துன்னுய்யா. நீ இன்னா பண்ணுவ? வேணாம்னு தலப்பாடா அடிச்சிக்கினதான? அவன் வெதி, கேக்கல" என்றாள் அவள். "நீ மட்டும் ஏறச் சொல்லியிருந்தீனா, இந்த ஜென்மத்துல ஒன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன். அது ஒண்ணுதான்யா எனக்கு இப்போ ஆறுதல்."

ஏகாம்பரம் சோற்றைப் பிசைந்தார்.