இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மச்சினன்

ரேஸ் கார்களைப் படமெடுப்பவர் என்பதால் நண்பர்கள் அவருக்குப் ‘புயல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் என்னவோ மாடிப்படி ஏறவே இரண்டு தரம் யோசிப்பவர். ஆரம்பத்தில் ராலி நடக்கும் மண் பாதைகளின் வளைவில் நின்று, வாய் நிறையப் புழுதி தின்று படமெடுத்தார். கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் கார் போய்விடும். மிஞ்சியது புழுதியின் படம். அதை யார் வாங்குவார்கள்?

பிறகுதான் தொழிலின் சூட்சுமம் பிடிபட்டது. காரின் பக்கவாட்டில் நீளமான கம்பியைப் பூட்டி, அதன் நுனியில் கேமராவை மாட்ட வேண்டியது. எஞ்சினை அணைத்துவிட்டு, நாலு பேர் பின்னாலிருந்து நடக்கிற வேகத்தில் காரைத் தள்ள வேண்டியது. ஷட்டரை ஓரிரு விநாடி திறந்தே வைத்தால், கேமராவும் கூடவே போவதால் கார் பளிச்சென்று விழும்; சாலையும் மரங்களும் கோடு கோடாக இழுபடும். கம்பியையும் தள்ளியவர்களையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால் கார் பறக்கும். விலையுயர்ந்த கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். தள்ளிய கதையை வெளியே விடக்கூடாது, அவ்வளவுதான். அதனால் ஆட்களை அழிக்காத படம் ஒன்றைக்கூட அவர் விட்டுவைப்பதில்லை. அத்தனை முன்ஜாக்கிரதை!

வினை ஒரு சிவப்புக் காரில் வந்தது. ஸ்டீயரிங் பிடிக்க ஆள் வராததால், மனைவியின் தம்பியை உட்கார வைத்தார். அவன் பள்ளிக்கூட வேன் டிரைவர். முள் நாற்பதைத் தொட்டால் அவனுக்கு வியர்த்துவிடும். கார் முதலாளி படத்தை இணையத்தில் போட்டு, ‘இருநூறு கிலோமீட்டர்!’ என்று கீழே எழுதியும் வைத்தார். போலீஸுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கார் ஸ்டேஷன் வாசலுக்குப் போனது; மச்சினன் ஸ்டேஷனுக்குள் போனான். லைசென்ஸ் பறிபோனால் வேன் வேலை அம்போ.

“போய் உண்மையச் சொல்லுங்க. உங்க பேரு கெட்டா கெடட்டும். லைசென்ஸ் போச்சுன்னா அவன் புள்ளைங்க சோத்துக்கு என்ன பண்ணும்?” என்றாள் மனைவி.

வழியில் முதலாளி போன் செய்தார். “தள்ளினோம்னு மட்டும் வாயத் திறந்துடாதீங்க. அப்புறம் ஒருத்தரும் உங்ககிட்ட வரமாட்டாங்க.”

ஸ்டேஷனில் மச்சினன் கையில் டீயோடு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் போலீஸ்காரர்கள்.

“அந்த வளைவுல எப்படிப்பா திருப்பின?”

“கை பழகிடுச்சு சார்.”

புயல் இன்ஸ்பெக்டரிடம் ஓடினார்.

“சார், அவன் ஓட்டவே இல்ல. நாங்க தள்ளினோம்.”

“அவரே ஒத்துக்கிட்டாரே. சரி, படத்துல தள்றவங்க எங்க?”

“அழிச்சுட்டேன்.”

“அழிக்காத படம்?”

“அதையும் அழிச்சுட்டேன்.”

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“விடுங்க அத்தான், நான் பாத்துக்கறேன்” என்றான் மச்சினன், தியாகி மாதிரி. கண்ணில் கெஞ்சல். நாலு பேர் அவனை மதித்துப் பார்ப்பது அவன் ஆயுசில் இதுதான் முதல் தடவை. புயலுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கு மூன்று பிள்ளைகள் பட்டினி கிடக்க முடியாது.

“இங்கயே செஞ்சு காட்டறேன் சார்” என்று வீட்டுக்குப் போய்க் கம்பியை எடுத்து வந்து, வாசலில் நின்ற சிவப்புக் காரில் பூட்டினார். மச்சினனை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தார். நாலு போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கத் தள்ளினார்கள். மதிலுக்கு மேல் வரிசையாகச் செல்போன்கள் முளைத்தன. தன் பிழைப்பு அன்றோடு சந்தி சிரிக்கப் போகிறது என்று புயலுக்குத் தெரிந்தது. ஆனாலும் வேலையை முடித்தார்.

திரையில் ஸ்டேஷன் சுவர் கோடாகப் பறந்தது. கார் சீறியது. அதன் பின்னால் நாலு போலீஸ்காரர்கள், முதுகு வளைந்து, நாக்கு வெளியே. இன்ஸ்பெக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

மச்சினன் தெருமுனை வரை உம்மென்று வந்தான். ஒரு நன்றி கிடையாது. பிறகு நின்றான்.

“அத்தான், இப்ப எடுத்த படத்துல என் மூஞ்சி நல்லா விழுந்திருக்கா?”

“விழுந்திருக்கு.”

“பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க, வீட்ல மாட்டணும். அந்தப் போலீஸ்காரங்களை மட்டும் அழிச்சுடுங்க.”