விண்ணப்பத்தோடு போகாத தாள்

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் பி.எஸ்ஸி. விலங்கியல் முதல் வருடம் முடித்திருந்தேன். ஆசைப்பட்டுச் சேர்ந்த படிப்பு அல்ல. அதற்கு முந்தின வருடம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, நேர்முகத் தேர்வு வரை போய், கோட்டை விட்டவள் நான். ஆனாலும் எங்கள் தெருவில் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து எழுந்து வந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எந்தக் காலேஜுக்கு யார் விண்ணப்பம் போட்டாலும் என்னிடம்தான் யோசனை கேட்டு வருவார்கள். தோற்றுப்போனவளுக்கு அத்தனை மரியாதை. நானும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் அதை ஏற்றுக்கொண்டேன்.

என் தோழி ஒருத்தி, என்னைவிட ஒரு வயது சின்னவள். சொந்த ஊர் புன்னைக்காயல். பி.யு.சி. படிக்க எங்கள் தெருவில் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். அவள் அப்பா சங்கு குளிக்கிறவர். மூச்சை அடக்கி ஆழத்துக்குப் போய்ப் போய்க் காது இரண்டும் கெட்டிருந்தன. நாம் கத்திப் பேச வேண்டும், அவரும் கத்தித்தான் பேசுவார். மகள் டாக்டராக வேண்டும் என்பது தகப்பன், மகள் இரண்டு பேருக்குமே ஒரே ஆசை. பி.யு.சி.யில் என்னைவிடப் பதினைந்து மார்க் கூடுதலாகவே வாங்கிவிட்டாள்.

விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய எங்கள் வீட்டுக்கு வந்தாள். எல்லாவற்றையும் முதலில் பென்சிலால் எழுதியிருந்தாள். அதன்மேல் நான் மையால் எழுத வேண்டுமாம், என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'சங்கு குளித்தல்' என்று இருந்தது. கூட ஒரு சான்றிதழும் வைத்திருந்தாள். மீனவ சமுதாயம், தகப்பனார் சங்கு குளிப்பவர் என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டது. பின்தங்கிய வகுப்பினருக்கு ஒதுக்கிய இடத்தைக் கேட்க அது வேண்டும்.

எனக்கு அந்த 'சங்கு குளித்தல்' உறுத்தியது. காரணம், என்னுடைய நேர்முகத் தேர்வு. அங்கே ஒருவர் அப்பாவின் வேலையைக் கேட்டார். குமாஸ்தா என்றேன். அவர் உடனே பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார். எனக்குப் பின்னால் போன வியாபாரி மகளுக்கு இடம் கிடைத்தது. நான் தோற்றதற்கு மார்க் காரணமில்லை, அப்பாவின் குமாஸ்தா வேலைதான் காரணம் என்று ஒரு வருடமாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தேறுதலையே அவளுக்கு யோசனையாகச் சொன்னேன்.

“ஏளா, உன் மார்க்குக்குப் பொதுவிலேயே கிடைக்கும். முங்குறவர் மகள்னு எழுதுனா உள்ள இருக்கவங்க உன்னை இளக்காரமாப் பாப்பாங்க. வியாபாரம்னு போடு. இந்தத் தாளு வேண்டாம்.”

“எங்கப்பா தொழிலுக்குப் போவாம ஸ்ரீவைகுண்டத்துக்கு நாலு நடை நடந்து வாங்குன தாளுளா இது” என்றாள்.

“உள்ள போய்ட்டு வந்தவ நீயா, நானா?” என்றேன். அவள் ரப்பரை என் பக்கம் நகர்த்தினாள். பென்சில் எழுத்தை அழித்துவிட்டு 'வியாபாரம்' என்று எழுதினேன். தாளை என் விலங்கியல் புத்தகத்துக்குள் செருகினேன். பொறாமையில் செய்யவில்லை, சத்தியமாக. மண்டைக்கனம்தான்.

நேர்முகத் தேர்வு திருநெல்வேலியில். அவள் அப்பாவோடு நானும் துணைக்குப் போய் வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். அவள் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே இருந்த பெரியவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, “புன்னைக்காயலா? வகுப்புச் சான்றிதழ் ஏன் வைக்கவில்லை? அது இருந்தால் இந்த மார்க்குக்குத் தாராளமாகக் கிடைத்திருக்குமே. இனிமேல் கொடுத்தாலும் வாங்க முடியாதே அம்மா” என்றாராம். அவரே வருத்தப்பட்டாராம். அதை என் காதோடு சொல்லி முடிப்பதற்குள் அவள் அப்பா பக்கத்தில் வந்துவிட்டார்.

“நான் வாங்குன தாளைக் குடுத்தியாளா?” என்று மரத்தடியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டார்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். “குடுத்தேம்ப்பா” என்று கத்திச் சொன்னாள்.

நான் பஸ் நேரம் விசாரிக்கப் போனேன்.

தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்காக நான் பட்ட பாட்டுக்கென்று, ஒரு சீலா மீனை ஓலையில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். பிறகு என் முன்னால் உட்கார்ந்தார்.

“மார்க்கு இருக்கு, தாளும் குடுத்தாச்சு. பெறகு ஏன்மா கிடைக்கல? நீ வெவரம் தெரிஞ்ச புள்ள, நீயே சொல்லு.”

போட்டி அதிகம் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. அந்தப் பொய்யை இரண்டாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

“முங்கி எடுத்த சங்கை, அதை வாங்குற கவர்மெண்டு ஆபீஸ்ல இரும்பு வளையத்துல போட்டுப் பாப்பாவ. உள்ள விழுந்துட்டா சிறுசு, ஆவாது. அதைத் திருப்பிக் கடல்ல கொண்டு போட்டுருவோம், வளந்துக்கிடும். எம்புள்ளைய எங்கனம்மா கொண்டு போட?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தாளைச் செருகிய புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் அலமாரியில்தான் இருந்தது. தாளைக் கொடுத்தும் தேறவில்லை என்றால் மகளுக்கு அவ்வளவுதான் தரம் என்று நினைத்துக்கொண்டு அவர் எழுந்து போனார். மறுவருடம் விண்ணப்பம் போட்டுப் பார்க்கவும் விடவில்லை. தை மாதம் அவளைத் தருவைகுளத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவள் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது?

பல வருடங்கள் கழித்து மாதா கோவில் திருவிழாக் கூட்டத்தில் எதிரே வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றாள். அன்றைக்கு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா எங்கப்பா உன்கூடப் பேச விட்டிருப்பாவளா? சீட்டுதான் போச்சு, நீயாவது இருப்பேன்னு நெனச்சேன்” என்றாள்.

இன்றைக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பத்தோடு யோசனை கேட்டு வருகிறார்கள். கேட்ட தாளையெல்லாம் வை, உள்ளதை உள்ளபடி எழுது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மகளை எங்கே கொண்டு போடுவது என்று ஒரு தகப்பன் கேட்டபோது அதற்குப் பதில் என் வீட்டு அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை என்பதை நினைக்காமல் ஒரு விண்ணப்பத்தையும் நான் கையில் வாங்கியதில்லை.