மோகனூரில் மொண்ட குடம்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன்; அதில் ஒருத்தி நாத்தனார் பெற்றவள், எவள் என்று இன்றுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து இது, மெதுவாகத்தான் வரும். மோகனூர் என்றால் எனக்கு முதலில் வாசம்தான்: ஆடி மாதத்துக் காவிரியின் மண்வாசமும் கரையோர வெற்றிலைக் கொடிக்கால் வாசமும் கலந்து, படித்துறைக்கு இரண்டு தெரு முன்பே மூக்கில் ஏறும்.

எங்கள் ஊர் மாரியம்மன் "நோம்பி"த் திருவிழாவுக்குத் தீர்த்தக்குடம் அங்கிருந்துதான் வரவேண்டும். எட்டு மைல் நடை. மொண்ட குடத்தைத் தரையில் வைக்கக்கூடாது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா காய்ச்சலில் எழுந்திருக்காமல் கிடந்தார். "எம்புள்ள குடம் எடுப்பா" என்று அம்மா வேண்டிக்கொண்டு, அப்பாவை விட்டு வர முடியாமல் என்னை அத்தையோடு அனுப்பினாள். தேய்ந்த கற்படிகளில் இறங்கி, செங்காவியாய் ஓடிய ஆற்றில் குடத்தை அமுக்கினேன்.

பரிசல்காரர், "அம்மிணி, குடம் பெருசா நீ பெருசா?" என்றார்.

"உன்ற பரிசலுக்கு இவ பெருசுதான், நீ துடுப்பப் பாத்துப் போடு" என்றாள் அத்தை.

பாதி வழியில் காலில் முள் தைக்க, பின்தங்கிக் குனிந்தேன். குடம் கவிழ்ந்து தண்ணீர் முழுவதும் வரப்பில் போனது. முன்னே போனவர்கள் பார்க்கவில்லை. பக்கத்தில் மாடு பூட்டித் தோல்பையால் கவலை இறைக்கும் கிணறு. அதன் தொட்டியில் மொண்டுகொண்டு ஓடினேன். கோயிலில் இறக்கியபோதுதான் உறைத்தது: மற்றக் குடங்களில் கலங்கல், என்னுடையதில் அடி தெரிந்தது.

பூசாரி எட்டிப் பார்த்தார். "கலங்கலே இல்லீங்க. ஆத்தா இந்தப் புள்ள குடத்துல எறங்கித் தெளிய வெச்சுட்டா" என்றார். ஊரே கும்பிட்டது, அம்மா அழுதாள், நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் அப்பாவும் எழுந்துவிட்டார். அன்று முதல் நான் "தெளிஞ்ச குடத்துக்காரி". அதைச் சொல்லித்தான் உள்ளூரிலேயே பெண் கேட்டு வந்தார்கள். அந்தப் பேரோடு தலை நிமிர்ந்தே நடந்துவிட்டேன்.

போன ஆடியில் என் பேத்தி முதல் குடம் எடுத்தாள். கூடப் போனேன். படித்துறைக்கு சிமெண்ட் பூசிவிட்டார்கள், கொடிக்கால் இருந்த இடம் வீட்டுமனை, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் திரும்புகிறார்கள். ஆற்றுக் கலங்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. கோயிலில் ஒருத்தி அவள் குடத்தைப் பார்த்து, "ஏஞ்சாமி, உங்க ஆயா குடமாட்டம் தெளியலையே" என்று சிரிக்க, பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தன்னிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டாள்.

கவலைக் கிணறும் தூர்ந்துபோயிற்று. சாட்சிக்கு என்னைவிட்டால் ஆளில்லை. ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தவள் என் பேத்திதான்.

இப்போதுதான் அவளைக் கூப்பிட்டேன். "சாமி, இங்க வா. ஆயா எழுதுனத ஒருக்காப் படிச்சுக் காட்டு. மெதுவா வேண்டாம், வாசல்ல இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."