ஆற்று மணலில் கிடைத்த ஒற்றைப் பாம்படம்

யுத்த காலத்தில் என் கணவர் பட்டாளத்தில் கண்ணிவெடி தேடும் பிரிவில் இருந்தார். ஊர் திரும்பியபோது அவருக்குக் காது பாதி போயிருந்தது. நாகல் நகரில் டார்ச் லைட்டும் சைக்கிள் டைனமோவும் பழுது பார்க்கும் கடை வைத்தார். மதராஸுக்குப் போனவர் ஒருமுறை காயலான் கடையிலிருந்து பட்டாளத்துக் கருவி ஒன்றை வாங்கி வந்தார். நீளக் கம்பு, அதன் நுனியில் ஒரு வட்டத் தட்டு, தோளில் பேட்டரிப் பெட்டி. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஹெட்போனில் சத்தம் ஏறும். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஆணியா, குழாயா, தகரமா என்று சத்தத்தை வைத்தே சொல்ல ஒரே மாதத்தில் பழகிவிட்டேன்.

புதைந்த தண்ணீர்க் குழாய்களைக் காட்டிக் கொடுப்பதுதான் எங்களுக்குக் கிடைத்த வேலை. ஒரு கோடையில் அகரத்தில் அப்படி ஒரு வேலையை முடித்துவிட்டு வறண்ட குடகனாற்றைக் கடந்து வந்தோம். ஹெட்போனை நான் கழற்றவில்லை. நடு ஆற்றில் இதுவரை கேட்டிராத மெல்லிய, கூர்மையான சத்தம் ஒன்று வந்தது.

"இங்க தோண்டுங்க" என்று கையால் காட்டினேன்.

முழங்கை ஆழத்தில் ஒரு பாம்படம் கிடந்தது. காது வளர்த்த பெண்கள் தோளில் இடிக்கத் தொங்கவிடுவார்களே, அந்த நகை. ஒன்றுதான் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் மனசுக்குள் நான் ஒரு தையல் மிஷின் வாங்கிவிட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், கருவியோடு டவுனில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். முதலாளி பாம்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒத்தையா இருக்கு. ஜோடி எங்க?"

"ஆத்து மணல்ல கெடந்துச்சுண்ணே. மிஷின வச்சுத் தேடி எடுத்தோம்."

"திருடுனவக யாரு உள்ளதச் சொல்றா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் மேட்டைக் காட்டி, "உங்க மோதிரத்த அதுல புதைங்க. நான் திரும்பி நிக்கிறேன்" என்றேன். புதைத்தார். தெருவே கூடிவிட்டது. வெற்றிலை போடும் நேரத்துக்குள் மோதிரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அசந்துபோனவர் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். "போன வருஷம் அகரத்துப் பொம்பள ஒருத்தி இதே மாதிரி ஒத்தைய வித்துட்டுப் போனா. ஆத்துல குளிக்கையில இன்னொண்ணு விழுந்துருச்சாம்."

பாம்படத்தைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். தையல் மிஷின் போனது வருத்தம்தான். ஆனால் உடையவள் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு விற்க மனம் வரவில்லை. கணவரின் காதோரம் விஷயத்தைச் சொன்னதும், "குடுத்துரு" என்றார்.

இருவரும் அகரத்துக்குப் போய் விசாரித்தபோது அந்த அக்கா மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். பாம்படத்தைப் பார்த்ததும் கண் கலங்கியது. உடனே சிரிப்பும் வந்துவிட்டது.

"இத எங்க தாயி மாட்ட? காதத்தான் அறுத்துத் தச்சுக்கிட்டேனே!"

பெரியாஸ்பத்திரியில் காதைத் தைத்து, சின்னத் தோடு போட்டிருந்தார். "வா, ரெண்டு பேருமா போயி வித்துட்டு வருவோம்" என்று பூக்கூடையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அதே கடையில் பாம்படத்தை உடைத்து, உள்ளே அடைத்திருந்த அரக்கை உருக்கி எடுத்தார்கள். முதலாளி தராசைப் பிடித்தார். "அரக்குதான் ஜாஸ்தி. ஒண்ணரைப் பவுன்தான் தேறும்."

"போன தடவ ரெண்டு பவுன் வந்துச்சே" என்றார் அக்கா. "ஒரே ஆசாரி செஞ்ச ஜோடி. வலது காதுக்கு ஒண்ணு, இடது காதுக்குக் கொறச்சலா ஒண்ணுன்னா செய்வாக?"

நான் வாசலில் பெட்டியோடு நின்ற கணவரைக் காட்டினேன். "சிந்திக் கிந்தி இருக்கும்ணே. மிஷின எடுத்தாரச் சொல்லட்டா?"

"இரு, இரு" என்று அவரே குனிந்து, உட்கார்ந்திருந்த பாயை உதறினார். பாம்படத்தின் தங்கத் தகடு ஒன்று கீழே விழுந்தது. மறுபடி நிறுத்தபோது இரண்டு பவுனுக்கு ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

வெளியே வந்ததும் அக்கா பணத்தில் பாதியை என் கையில் திணித்தார். மாட்டேன் என்றேன். "நீ எடுத்தாராட்டி எனக்கு ஏது? பேசாம பிடி" என்று அதட்டினார்.

அதற்குப் பிறகு களத்தில் தொலைத்த மூக்குத்தி, வரப்பில் நழுவிய தாலிக்குண்டு என்று சேவுகம்பட்டியிலிருந்துகூட ஆள் தேடி வந்தார்கள். எடுத்ததை விற்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அகரத்துக்குச் சொல்லியனுப்பி அக்காவை வரவழைப்பேன். அவர் கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முதலாளி பாயைச் சுருட்டிவிட்டு, தராசை வெளிச்சத்துக்கு நகர்த்தி வைப்பார்.