கழற்றாத போல்ட்

தூணைச் சரிபார்க்க வந்த ஃபிட்டர் தன் குரங்குக் குல்லாவை ஒரு காது மட்டும் வெளியே தெரியும்படி மடித்துவிட்டிருந்தார். ஸ்பேனரால் தூணைத் தட்டிவிட்டு, அந்தக் காதை அதன்மேல் வைத்துக் கேட்பார்.

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நான் டிக்கெட் கவுன்டருக்குத் திரும்பியிருந்தேன். அதுவரை அழவில்லை. ஊட்டிக்குப் போகும் வழியில் உள்ள எங்கள் ரயில் நிலையத்தின் புதிய மண்டபத்தில் ஒரு தூண் உச்சியில் விரிசல் விட்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். அவர் ஏறிய ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

"தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவுல பேரிங் இருக்குதுங்க. வெயிலுக்கு இரும்பு நீளும்போது அதுதான் நகர விடோணும். லாரியில வர்றப்ப ஆடாம இருக்கப் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பாங்க. மாட்டினதும் கழட்டோணும். இவங்க கழட்டாம, மேலயே பெயிண்ட்டும் அடிச்சுட்டாங்க. இரும்பு நகர முடியாமத்தான் தூண் விரிஞ்சிருக்குதுங்க."

"ரெண்டு வருஷமா நல்லாத்தானே நின்னுச்சுங்க?"

"நின்னுச்சுங்க. நிக்கறதுல ஒரு கொறையும் இல்லீங்க."

கடைசி போல்ட்டும் கழன்றது. சத்தம் எதுவும் வரவில்லை.

"ஒண்ணும் ஆகலீங்களே?" என்றேன்.

"இப்பப் பனிங்க. வெயில் வரட்டும்."

இறங்கும்போது என் தோளைப் பிடித்தவர், தரைக்கு வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரிய வழியில்லை.

பத்து மணிக்குக் கூரையில் வெயில் ஏறியது. அவர் போன பிறகு நானும் தூணில் காதை வைத்தேன். மேலே இரும்பு ஒருமுறை மெல்ல முனகி நகர்ந்தது.

அந்தக் கை ஏன் அத்தனை நேரம் இருந்தது என்று அவ்வப்போது யோசிப்பேன். அழுகை மட்டும் இன்னும் வரவில்லை.