வலக்கையை நீட்டிய அன்று

என் அப்பாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு என்னைத் தயார் செய்தவர் அவர்தான், கையில் ரோத்தான் பிரம்போடு. பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களை வேலை வாங்கும் தண்டல் அவர். பகலில் ஆட்களை மேய்த்த பிரம்பு சாயங்காலம் என்னை மேய்த்தது. பாஸானால் கப்பல் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை, இல்லையென்றால் முதுகில் மூட்டை. இரண்டில் ஒன்று என்று சொல்லிவிட்டார்.

சரித்திரப் புத்தகத்தை நான் ஒப்பிக்க வேண்டும். தப்பை அவரால் பிடிக்க முடியாது, தடங்கலைப் பிடிப்பார். நிறுத்தினால் அடி. அதுவும் இடக்கையில் மட்டும். வலக்கை பரீட்சை எழுதுகிற கை, அதைத் தொடமாட்டார். இடது உள்ளங்கை தோலுரிந்து காய்த்துப்போனது. அவரை நான் வெறுத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு வெறுத்தேன்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாதா கோயிலில் பூசைக்கு உதவி செய்தவன் நான், லத்தீன் ஜெபங்கள் தண்ணீர் பட்ட பாடு. ராஜாக்களின் பெயர் மறந்தால் லத்தீனை ஓடவிட்டேன். அப்பா தலையாட்டிக் கேட்டார். அடி குறைந்தது, படிப்பும் அடியோடு நின்றது.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில் மாட்டிக்கொண்டேன். ஏதோ ஒரு போரின் நடுவில் மறந்துபோய், அவசரத்தில் பாவசங்கீர்த்தன மந்திரத்துக்குள் புகுந்துவிட்டேன். 'என் பாவமே' என்று நெஞ்சில் தட்டிக்கொள்ளும் இடம் அது; "மெயா குல்பா" என்றதும் அப்பாவின் கை தானாக எழுந்து நெஞ்சில் தட்டியது. ஞாயிறுதோறும் தட்டிப் பழகிய கை. இரண்டாவது தட்டில் அப்படியே நின்றது.

"டேய், இது பூசையில சொல்றதாச்சே! எத்தன நாளாடா சாமி மந்திரத்த வெச்சு என்னை ஏமாத்துற?"

முதுகு, தொடை, கணுக்கால் என்று விளாசினார். மேசை கவிழ்ந்தது, மை சுவரெல்லாம் தெறித்தது. குறுக்கே விழுந்த அம்மாவுக்கும் தோளில் ஒன்று விழுந்தது. ரோத்தானைத் திருப்பித் தடித்த பக்கத்தை ஓங்கிக்கொண்டு, "கைய நீட்டுடா!" என்றார்.

வலக்கையை நீட்டினேன். ஆள்காட்டி விரல் முறிந்த சத்தம் மூவருக்கும் கேட்டது.

"ஐயோ, எழுதுற கைடா அது!" என்று அலறியது அப்பாதான்.

குச்சி வைத்துக் கட்டிய விரலோடு பரீட்சைக்குப் போனேன். பேனா நிற்கவில்லை. பேப்பர்கள் கப்பலேறிச் சீமைக்குப் போய், மாதங்கள் கழித்து ரிசல்ட் வந்தது. ஃபெயில். அதற்கு முன்பே அப்பா ரோத்தானைக் கடலில் எறிந்திருந்தார். மூட்டை தூக்கவும் என்னை அனுப்பவில்லை. "பையன் நல்லாத்தான் படிச்சான்லா, பாவி நான்தான் கைய ஒடச்சிட்டேன்" என்று சாகும்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

பதற்றத்தில் கை மாறிவிட்டது என்று அவர் நம்பினார். மாறவில்லை. ஒரு பாடமும் தெரியாது, எப்படியும் தேறமாட்டேன் என்று எனக்குத் தெரியும். பழி அவர்மேல் விழட்டும் என்றுதான் நீட்டினேன். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த வரி வரும்போது அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டு நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்திக்கொள்வார். பக்கத்தில் முழங்காலிட்டு நானும் தட்டினேன். ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை.