வலை இல்லாமல் போன வள்ளம்

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், போட்டிருக்கும் நல்ல துணியோடு வள்ளத்தில் ஏறி, கூண்டு மீனுக்குத் தீனி போட்டு வளர்ந்தவர்கள் நீங்கள் இரண்டு பேரும். நறுக்கிய சாளை மீனை எறிந்தால் கொடுவா மேலே வந்து சளப்பென்று வாயைத் திறக்கும். தண்ணீர் தெறித்து நனைந்துபோய்ச் சிரிப்பீர்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாத இந்த ஞாயிறுகளில் அந்தச் சிரிப்புதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அந்த ஞாயிறு நமக்குச் சும்மா கிடைக்கவில்லை.

நீங்கள் தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. வேம்பாருக்குத் தெற்கே நம் கரையில் மீன்பாடு குறைந்து, ஆண்கள் கேரளாவுக்குத் தங்கல் தொழிலுக்குப் போனார்கள். போனால் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாது. எனக்கும் அங்கே ஒரு படகில் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். அப்போதுதான் நாங்கள் சிலர் சேர்ந்து கடலில் மிதவைக் கூண்டு கட்டி, கொடுவாக் குஞ்சு விட்டோம். அது தேறினால் நான் உங்களோடு இருக்கலாம். தேறாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

முதல் ஞாயிறு, ஊர் வழக்கப்படி ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. நாங்களும் தீனி போட இறங்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் குஞ்சுகள் ரொம்பக் குறைந்திருந்தன.

"எவனோ களவாண்டுட்டாம் மாப்ள!" என்று உங்கள் மாமா கத்தினார்.

முங்கித் தடவிப் பார்த்தேன். வலையில் கிழிசலே இல்லை. பெரிய குஞ்சு ஒன்றின் வாயில் சின்னக் குஞ்சின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

"களவாணி உள்ளதான் இருக்கான் மச்சான். பசிச்சா கூடப்பொறந்ததையும் விட மாட்டாம் போல" என்றேன்.

அடுத்த ஞாயிறு, தீனி போட மட்டும் கடலில் இறங்க விடுங்கள் என்று கேட்டு, கோயில் வாசலில் ஊர்த்தலைவரிடம் போய் நின்றோம்.

"ஞாயித்துக்கெழம கடல்ல தொழில் கெடையாது. ஒருத்தன எறக்கிவிட்டா எல்லாவனும் எறங்குவாம்லே" என்றார்.

உங்களில் ஒருவரை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுக் கோழிக்கு இன்னைக்குத் தீனி போட்டியளா?"

"போட்டேன். கோழி கரையிலல்லா கெடக்கு."

"அப்ப வலையக் கரையில போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. வலை இல்லாமப் போறது தொழிலா?"

கூட்டத்தில் ஒருவர், "வலை இல்லாமப் போறவன் மீன்காரன் இல்லவே, சமையக்காரன்!" என்றார். தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"போலே சமையக்காரா! தீனியப் போட்டுட்டு ஒடனே திரும்பு. மீன் பிடிக்க ஒண்ணும் கையில இருக்கப்படாது."

இன்றுவரை ஊரில் எனக்கு அந்தப் பட்டம்தான். நான் கேரளாவுக்குப் போகவில்லை. இப்போது நம் கரையில் எத்தனையோ கூண்டுகள் மிதக்கின்றன. அந்த வீடுகளில் அப்பாக்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அன்று எல்லாரும் வீட்டுக்குப் போனபின் நான் மட்டும் வள்ளத்திலிருந்து வலையை இறக்கி மணலில் போட்டேன். பிறகு பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். பழைய தூண்டில் ஒன்று முள்ளோடு சுருண்டு கிடந்தது. அங்கேயே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதையும் எடுத்து வலைமேல் வைத்துவிட்டு, வள்ளத்தைத் தள்ளினேன்.